கேன்டன் நதிமுகமா, ஷாங்காய்க் கரையா? ஒரு சீன ஏற்றுமதி ஓவியத்தைப் பற்றிய ஐயம்

கேள்வி: ஓடக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் மாமனார் கப்பல் பொறியாளராகப் பணியாற்றிய காலத்தில், 1974-ஆம் ஆண்டு ஹாங்காங்கில் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கிவந்த எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று சென்னையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்றும் மாட்டப்பட்டிருக்கிறது. அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. படத்தைப் பற்றி அவரிடம் விரிவாகக் கேட்டு வைத்துக்கொள்ளாத குறையை இங்குள்ள பெரியவர்களின் துணையால் ஓரளவாவது தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

படம் ஏறத்தாழ 30 அங்குல அகலமும் 18 அங்குல உயரமும் உடையது. கித்தான் துணியில் தீட்டப்பட்டது. கீழ்ப்பாதி முழுவதும் ஆறும் அதில் நெருக்கமாக நிற்கும் படகுகளும். எதிர்க்கரையில் வெள்ளையும் வெளிர்சாம்பலுமான பெரிய கட்டடங்கள் இடைவெளியின்றி ஒட்டி நிற்கின்றன. அவற்றுக்கு முன்னால் மதில் சூழ்ந்த ஒரு தோட்டம். மரங்களுக்கு நடுவே சிறு கோபுரத்துடன் ஒரு தேவாலயம். மூன்று கொடிக்கம்பங்களில் பிரிட்டிஷ் கொடி, அமெரிக்கக் கொடி, சிவப்பில் வெள்ளைச் சிலுவை கொண்ட இன்னொரு கொடி ஆகியவை பறக்கின்றன. ஆற்றில் புகைபோக்கியும் பக்கவாட்டில் பெரிய சக்கரமும் உள்ள நீராவிக் கப்பல் ஒன்று நிற்கிறது. வானம் அடியில் இளஞ்சிவப்பாகத் தொடங்கி மேலே வெளிர்நீலமாகிறது. கையொப்பம் எங்கும் இல்லை. கடைக்காரர் கொடுத்த சீட்டில் "ஷாங்காய், 1840" என்று மட்டும் எழுதியிருக்கிறது.

இது எந்த ஊர், எந்தக் காலம், வரைந்தவர் யாராக இருக்கலாம் என்பன என் கேள்விகள். மற்றொன்றையும் மனவருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டம் மாற்றக் கொடுத்த இடத்தில், அழுக்கை எடுப்பதாக எண்ணி, சோப்பு நீரில் நனைத்த துணியால் படத்தின் வலது கீழ் மூலையைத் துடைத்துவிட்டார்கள். அங்கே ஒரு சிறு படகின் பின்னணியத்தில் துடுப்புப் போடும் பெண் ஒருத்தி இருந்தாள். இப்போது படகு இருக்கிறது. அவள் இருந்த இடத்தில் பழுப்புத் திட்டு மட்டுமே இருக்கிறது. எஞ்சிய பகுதியின் மஞ்சளேறிய வார்னிஷை எடுக்கலாமா, அப்படியே விட்டுவிடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

மறுமொழி 1: தூரிகை

வணக்கம். முதலில் அந்தச் சீட்டை ஒதுக்கிவிடலாம். அதிலுள்ள இரண்டு சொற்களும் ஒன்றையொன்று மறுக்கின்றன. ஷாங்காய் மேலைநாட்டு வணிகர்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1843 நவம்பரில்தான். முதல் அபினிப் போரின் முடிவில் பிரிட்டனும் சீனாவும் 1842 ஆகஸ்ட் 29 அன்று கையெழுத்திட்ட நான்கிங் ஒப்பந்தத்தின்படி கேன்டன், அமாய், ஃபூசோ, நிங்போ, ஷாங்காய் ஆகிய ஐந்தும் ஒப்பந்தத் துறைமுகங்களாயின. ஆகவே 1840-இல் ஷாங்காயில் அமெரிக்கக் கொடி பறக்கும் ஐரோப்பியக் கரைமுகப்பு ஒன்று இருந்திருக்க வழியில்லை.

நீங்கள் விவரிக்கும் இடம் கேன்டன், அதாவது இன்றைய குவாங்சோ. அந்நகரின் மதிலுக்கு வெளியே, முத்தாற்றின் வடகரையில் இருந்த "பதின்மூன்று பண்டகசாலைகள்" என்னும் பகுதி அது. ஆங்கிலத்தில் அவற்றைக் குறித்த 'ஃபேக்டரி' என்னும் சொல்லைப் பார்த்துச் சிலர் "தொழிற்சாலை" என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அங்கே எதுவும் உற்பத்தியாகவில்லை. வணிக முகவர்கள் தங்கி, சரக்கை வைத்து, கணக்குப் பார்த்த இடங்கள் அவை. நம் ஊரில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் பண்டகசாலை என்று வழங்கிய சொல்லே அதற்கு மிகவும் பொருந்துகிறது. 1757 முதல் 1842 வரை மேலைநாட்டுக் கப்பல் வணிகம் முழுவதும் இந்த ஓர் ஊருக்குள் அடைக்கப்பட்டிருந்தது. அதிலும் வெளிநாட்டார் நடமாட முடிந்தது இந்தச் சிறிய ஆற்றங்கரைத் துண்டில்தான். இடம் குறுகியது என்பதால் கட்டடங்கள் தோளோடு தோள் ஒட்டி, குறுகிய முகப்போடு, பின்னோக்கி மிக நீண்டு கட்டப்பட்டன. உங்கள் படத்தில் இடைவெளியின்றி நிற்பது அதனால்தான்.

ஷாங்காய்ப் படங்களில் காட்சி வேறு. ஹுவாங்பு ஆறு வளைந்து செல்லும் கரையில் ஒவ்வொரு வணிக இல்லமும் தனித்தனி மதிலுக்குள், சுற்றிலும் திறந்த தாழ்வாரங்களுடன், தள்ளித் தள்ளி நிற்கும். நடுவில் வளைந்த கூரைகளுடன் கோயில் போன்ற தோற்றமுள்ள சீனச் சுங்க மாளிகை தெரியும். ஐரோப்பியக் கட்டடங்களின் வரிசையில் அது ஒன்று மட்டும் தனித்துக் கண்ணில் படும். உங்கள் படத்தில் அது இல்லை.

இனி காலம். இங்கேதான் அந்தத் தோட்டமும் தேவாலயமும் பெருந்துணை செய்கின்றன. 1822-இல் நேர்ந்த பெருந்தீயில் பண்டகசாலைகள் எரிந்து, பிறகு மீண்டும் கட்டப்பட்டன. அதன் பின்னர் வரைந்த படங்களிலும் முன்புறம் திறந்த சதுக்கமாகவே இருக்கிறது. முடிதிருத்துவோர், தின்பண்டம் விற்போர், வேடிக்கை பார்ப்போர் என்று சீன மக்கள் நிறைந்த வெளி அது. 1842 டிசம்பரில் மூண்ட கலவரத்தில் கட்டடங்களில் ஒரு பகுதி மறுபடியும் எரிந்தது. அதற்குப் பிறகுதான் வெளிநாட்டார் சதுக்கத்தை அடைத்து, மரம் நட்டு, தங்களுக்கு மட்டுமான தோட்டமாக்கிக்கொண்டார்கள். ஊரார் கூடியிருந்த வெளி வேலிக்குள் போனதைப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே கண்டுகொள்ளலாம். தேவாலயம் 1847-ஐ ஒட்டி எழுந்தது. இரண்டாம் அபினிப் போர் தொடங்கியபின், 1856 டிசம்பர் நடுவில் பண்டகசாலைகள் முற்றாக எரிந்தன. அதன் பிறகு அவை அந்த இடத்தில் கட்டப்படவே இல்லை. வெளிநாட்டார் சற்று மேற்கே ஷாமியான் மணல்திட்டை மேடாக்கி அங்கே குடியேறினார்கள். எனவே உங்கள் படத்தில் இருக்கும் காட்சி 1847-க்கும் 1856-க்கும் இடைப்பட்டது என்று தயங்காமல் சொல்வேன்.

மரங்கள் எவ்வளவு உயரம் என்று பார்த்துச் சொல்ல முடியுமா? சில படங்களில் அவை இடுப்பளவுச் செடிகளாக இருக்கின்றன. சிலவற்றில் கட்டடங்களின் முகப்பையே மறைக்கின்றன. அந்தப் பத்தாண்டுக்குள் முற்பகுதியா பிற்பகுதியா என்பதை அதைக்கொண்டு ஊகிக்கலாம்.

மறுமொழி 2: கலம்

நண்பர் தூரிகை ஊரை அடையாளம் கண்ட விதத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் காட்சியின் காலமும் ஓவியத்தின் காலமும் ஒன்றே என்று கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. சீன ஏற்றுமதி ஓவியங்கள் என்னும் இவை, மேலைநாட்டாருக்கு விற்பதற்காகப் பட்டறையில் பிறந்த படங்கள். ஒரு காட்சிக்கு ஒருமுறை நல்ல படிவம் அமைந்துவிட்டால் அதைத் தாளில் எடுத்து வைத்துக்கொண்டு, வாங்குவோர் கேட்கும்போதெல்லாம் அதே அமைப்பைத் திரும்ப வரைந்தார்கள். படகுகளை மாற்றினார்கள், புதிய கப்பல் வந்தால் சேர்த்தார்கள், கொடி மாறினால் மாற்றினார்கள். ஆகவே படத்தில் இருப்பவற்றுள் மிகப் பிந்தைய பொருள் எதுவோ, அதற்கு முன் அந்தப் படம் வரையப்பட்டிருக்க முடியாது என்பது மட்டுமே உறுதி. பண்டகசாலைகள் எரிந்த பின்னும் பழைய படிவத்தை வைத்து வரைய யாருக்கும் தடை இருக்கவில்லை.

கொடிகளைப் பற்றிச் சில சொற்கள். பிரிட்டிஷ் கொடியில் சிவப்புச் சாய்கோடுகள் இருந்தால் அது 1801-க்குப் பிந்தையது. அந்த ஆண்டில்தான் அயர்லாந்தின் சிலுவை அதில் சேர்ந்தது. 18-ஆம் நூற்றாண்டின் படங்களைப் பிரித்தறிய இது மிகவும் உதவும். உங்கள் படத்துக்கு அவ்வளவாக உதவாது. அமெரிக்கக் கொடியின் விண்மீன்களை எண்ணிக் காலம் காண முயலாதீர்கள். ஓவியர்கள் நீலக் கட்டத்துக்குள் இடம் இருக்கும்வரை வெள்ளைப் புள்ளி வைத்தார்களே தவிர, மாநிலங்களை எண்ணவில்லை. சிவப்பில் வெள்ளைச் சிலுவை உள்ளது டென்மார்க்கின் கொடி. அதைக் கண்டு டேனியர்கள் பலர் அங்கே வாழ்ந்ததாக எண்ணிவிட வேண்டாம். கம்பெனியின் தனியுரிமை நீடித்த நாள்களில், அதன் பிடியிலிருந்து தப்புவதற்காகவே தனி வணிகர்கள் பிறநாட்டுத் தூதர் பொறுப்பை ஏற்றுக்கொள்வது வழக்கமாக இருந்தது. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் மாத்திசன் 1820-களில் கேன்டனில் டேனிஷ் தூதர். கம்பெனியின் தனியுரிமை 1834-இல் ஒழிந்த பின்னரும் இத்தகைய ஏற்பாடுகளின் நிழல் கொடிக்கம்பங்களில் தொடர்ந்தது.

பக்கச் சக்கரக் கப்பல் நண்பர் தூரிகையின் காலக்கணிப்புக்கு வலுச் சேர்க்கிறது. ஹாங்காங், மக்காவ், கேன்டன் ஆகிய மூன்றுக்கும் இடையே பயணிகளையும் அஞ்சலையும் ஏற்றிச் சென்ற சிறு நீராவிக் கப்பல்கள் 1840-களின் இறுதியிலிருந்து இந்தப் படங்களில் வழக்கமாக இடம்பெறுகின்றன. 1850-ஐ ஒட்டிய படங்களில் ஸ்பார்க் என்னும் அமெரிக்கக் கப்பலைக் காணலாம். சக்கரத்தை மூடியிருக்கும் அரைவட்டப் பெட்டியின்மேல் பெயர் எழுதுவது வழக்கம். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து அதைப் பாருங்கள்.

அதைவிட முக்கியம், படத்தைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்ப்பது. 1974-இல் ஹாங்காங்கில் உண்மையான பழைய படங்களோடு புதிதாக வரைந்து பழமையேற்றிய படங்களும் விற்பனைக்கு இருந்தன. கித்தானை உட்சட்டத்தோடு பிணைத்திருப்பது ஆணியா, இயந்திரக் கம்பிப் பிணைப்பா? துணி சீராக ஒரே நிறத்தில் பழுத்திருக்கிறதா, தேநீர்க் கறை போலத் திட்டுத் திட்டாக இருக்கிறதா? உட்சட்டத்தில் தாள் ஒட்டியிருந்த தடம் உண்டா? இவற்றைச் சொன்னால் மேலும் பேசலாம்.

ஓடக்கரை

இருவருக்கும் என் நன்றி. நேற்று இரவு படத்தை இறக்கி, மேசைமேல் மெத்தை விரித்துக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். கித்தான் சிறு இரும்பு ஆணிகளால் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஆணிகளின் தலைகள் ஒன்றுபோல் இல்லை, துருவின் கறை துணியில் இறங்கியிருக்கிறது. துணி மெல்லியது; சீராகப் பழுத்திருக்கிறது. உட்சட்டத்தின் கீழ்க்கட்டையில் தீப்பெட்டி அளவில் ஒரு தாள் ஒட்டியிருந்த தடம் இருக்கிறது. எழுத்து எதுவும் எஞ்சவில்லை. மேல்கட்டையில் மையால் ஒரு சீன எழுத்து உள்ளது. சீன மொழி அறிந்த அலுவலக நண்பர் ஒருவருக்குப் படமெடுத்து அனுப்பினேன். அது "நான்கு" என்றார்.

முன்புறத்தில், மரங்கள் இரண்டாம் மாடியின் சன்னல் அடிவரை வளர்ந்திருக்கின்றன. தேவாலயத்தின் முன்தூண்கள் பாதிக்குமேல் மறைந்துவிட்டன. சக்கரப் பெட்டியின்மேல் பொன்னிறக் கோடுகள் தெரிகின்றன. எழுத்துகளாக இருக்கலாம், ஆனால் படிக்க முடியவில்லை. உருப்பெருக்கியில் பார்த்தபோதுதான் ஒன்று விளங்கியது. ஒவ்வொரு சன்னலும் இரண்டே இழுப்புகள்: மேலிருந்து கீழே ஒரு பச்சைக் கோடு, அதன் இடப்பக்கம் மயிரிழை போல ஒரு கறுப்பு. நூற்றுக்கு மேற்பட்ட சன்னல்கள், எதிலும் கை நடுங்கவில்லை.

மறுமொழி 3: வெண்சங்கு

மரங்களின் உயரம், பின்புறத்தின் தோற்றம், தீட்டிய விதம் ஆகிய மூன்றும் பொருந்திவருவதால், 1850-களின் முற்பாதியில் வரைந்த படம் என்று கருத இடம் இருக்கிறது. நேரில் கண்டவர் சொல்லே இறுதியானது என்பதால் இதற்குமேல் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

அந்த "நான்கு" என்னும் எழுத்து எனக்கு மிகுந்த ஆர்வத்தைத் தருகிறது. கேன்டனுக்கு வந்த மாலுமிகளும் வணிகர்களும் பெரும்பாலும் நான்கு படங்கள் கொண்ட தொகுதியாகவே வாங்கினார்கள்: மக்காவின் பிறைவடிவக் கடற்கரை, ஆற்றின் முகத்துவாரத்தில் ஹூமன் கோட்டைகள், பெரிய கப்பல்கள் நங்கூரமிடும் வாம்போவா, கடைசியாகக் கேன்டன் பண்டகசாலைகள். கடலிலிருந்து உள்ளே வரும் கப்பல் கடந்துசெல்லும் வரிசையும் அதுதான். ஆழம் போதாமையால் பெருங்கப்பல்கள் வாம்போவாவோடு நின்றுவிடும். அங்கிருந்து சிறு படகில்தான் கேன்டனுக்குப் போக வேண்டும். உங்கள் படம் அத்தகைய தொகுதியின் நான்காவதாக இருக்கலாம்; பட்டறையின் வேறு ஏதேனும் கணக்கு எண்ணாகவும் இருக்கலாம்.

வரைந்தவரின் பெயரைப் பற்றி. லாம்குவா, அவருடைய தம்பி டிங்குவா, சன்குவா, யூகுவா ஆகிய பெயர்களை விற்பனையாளர்கள் எளிதில் ஒட்டிவிடுகிறார்கள். "குவா" என்பது குடும்பப் பெயர் அன்று; மரியாதைக்காகச் சேர்க்கும் ஒட்டு. லாம்குவாவின் இயற்பெயர் குவான் சியாவ்சாங். இவர்கள் பெரும்பாலும் கையொப்பமிடுவதில்லை. பட்டறையின் முகவரிச் சீட்டை உட்சட்டத்தில் ஒட்டுவார்கள். உங்கள் படத்தில் இருந்து போன தாள் அத்தகைய சீட்டாக இருந்திருக்கலாம். அது இல்லாத நிலையில் "கேன்டன் பட்டறை, பெயர் தெரியாத ஓவியர்" என்று எழுதி வைப்பதே நேர்மை. அப்படி எழுதுவதால் படத்தின் தகுதி குறைந்துவிடாது.

நண்பர் கலம் பட்டறைப் படிவம் பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் அதைக் கேட்டுப் பலர் இவர்களை வெறும் நகலெடுப்போர் என்று தள்ளிவிடுகிறார்கள். அது எனக்கு ஏற்புடையது அன்று. லாம்குவாவின் பட்டறையைக் கண்ட மேலைநாட்டார், கீழே கடை, அதற்கு மேல் மாணவர்கள் வரையும் கூடம், உச்சியில் அவருடைய சொந்த ஓவிய அறை என்று அது அமைந்திருந்ததாக எழுதியிருக்கிறார்கள். வேலை பிரிந்துதான் நடந்தது. ஆனால் உங்கள் சன்னல்களைப் பாருங்கள். சீனத் தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து, முழங்கையை உயர்த்தி, ஒரே மூச்சில் இழுக்கப் பழகிய எழுத்துக்கலையின் கை அது. ஐரோப்பிய எண்ணெய் வண்ணத்தையும் தொலைவுக் காட்சி இலக்கணத்தையும் எடுத்துக்கொண்டு, தங்கள் கையின் பழக்கத்தை விடாமல் வரைந்தார்கள். பார்வைக் கோணத்தையும் கவனியுங்கள். எதிரே ஹோனாம் தீவின் கரையில் நின்று பார்த்தால், படகுகளின் பாய்மரங்களுக்கு மேலாகத் தோட்டத்தின் உட்புறம் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஆற்றின் நடுவே வானில் நின்றதுபோல ஒரு கண்ணை அவர்களே அமைத்துக்கொண்டார்கள்; நீளச்சுருள் ஓவிய மரபில் வந்தவர்களுக்கு அது இயல்பாகவே கைவந்திருக்கிறது.

இந்த ஓவியக் கலையில் நம் ஊருக்கும் ஓர் இழை உண்டு. ஜார்ஜ் சின்னரி என்னும் ஆங்கில ஓவியர் 1802 இறுதியில் மதராஸுக்கு வந்து, 1807 வரை இங்கே உருவப்படங்களும் கரையோரக் காட்சிகளும் வரைந்தார். பிறகு கல்கத்தா சென்றார். கடன் தாளாமல் 1825-இல் மக்காவுக்குப் போய், 1852-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். லாம்குவாவின் பாணியில் அவருடைய தாக்கம் தெளிவாகத் தெரியும். லாம்குவா அவருக்கு முறையான மாணவரா, பார்த்துக் கற்ற போட்டியாளரா என்பதில் அக்காலத்திலேயே கருத்து வேறுபாடு இருந்தது.

இப்படங்களின் அமைதியைக் கண்டு மயங்கிவிடக் கூடாது என்பதையும் சொல்லத் தோன்றுகிறது. ஆற்றில் ஒரு பீரங்கிப் புகைகூட இல்லை. அபினிப் பெட்டி ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த மாளிகைகளின் செல்வத்தில் பெரும்பங்கு வங்காளத்திலும் மாளவத்திலும் விளைந்த அபினியால் வந்தது. 1841 மே இறுதியில், இதே ஊரின் வடக்கே சன்யுவான்லி என்னும் சிற்றூரின் அருகே, கொட்டும் மழையில் மதராஸ் 37-ஆம் காலாட்படையின் ஒரு பிரிவு வழிதவறி, துப்பாக்கி மருந்து நனைந்து சுட முடியாமல், ஈட்டி ஏந்திய ஊரார் நடுவே சிக்கிக்கொண்டது. ஆங்கிலேயரின் போருக்காகக் கடல்கடந்து சென்ற தென்னாட்டுச் சிப்பாய்கள் அவர்கள். வாங்குவோர் விரும்பாத எதையும் பட்டறை வரையவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் இந்த அழகைப் பார்க்க வேண்டும்.

மறுமொழி 4: தூரிகை

தூய்மை செய்வது பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டது. அதற்கு மட்டும் விடை சொல்கிறேன். தயவுசெய்து நீங்களோ, சட்டம் போடுபவரோ, படம் வரையத் தெரிந்த உறவினரோ அதைத் தொட வேண்டாம். இப்பட்டறைகளில் வண்ணத்தை மிக மெல்லிதாகத் தீட்டினார்கள். முதலில் வானமும் ஆறும், அவை உலர்ந்த பின் அவற்றின்மேல் படகு, படகின்மேல் ஆள். எனவே கடைசியாக வைத்த ஆள்தான் முதலில் கரைவார். உங்கள் துடுப்புக்காரப் பெண் போய், படகு மட்டும் எஞ்சியதன் காரணம் இதுதான். வார்னிஷை எடுக்கும் கரைப்பான் அதற்கு அடியிலுள்ள மெல்லிய கோடுகளையும் சேர்த்து எடுத்துவிடக்கூடும். பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநர் ஓர் ஓரத்தில் ஊசிமுனை அளவு சோதித்த பிறகே முடிவு செய்ய வேண்டும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு ஒன்று நீண்டகாலமாக இயங்குகிறது. அங்கே ஆலோசனை கேட்டுப் பார்க்கலாம்.

அதுவரை, மழைநீர் ஊறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், உள்சுவர் நல்லது. படத்துக்கும் சுவருக்கும் இடையே காற்றுப் புகும்படி நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டு வையுங்கள். அழிந்த பெண்ணின் உருவத்தை மறுபடி வரையச் சொல்லாதீர்கள். பழைய குடும்பப் புகைப்படம் எதிலாவது பின்னணியில் இந்தப் படம் பதிவாகியிருந்தால் அதைத் தேடி எடுத்து வையுங்கள். வல்லுநருக்கு அது பயன்படும்.

ஓடக்கரை

சொன்னபடியே செய்கிறேன், ஐயா. எங்கள் திருமணத்தின்போது கூடத்தில் எடுத்த ஒரு படத்தில் அந்த மூலை தெரிகிறது. துடுப்புக்காரப் பெண்ணின் கூம்புத் தொப்பி வரை காண முடிகிறது. அதைப் பெரிதாக்கி எடுத்து வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. தோட்டத்தின் மதிலோரம், இரண்டு மரங்களுக்கு நடுவே, அரிசி மணி அளவில் ஒரு மேலைநாட்டுப் பெண் நிற்கிறாள். விரிந்த இளஞ்சிவப்புப் பாவாடை, கையில் குடை.

மறுமொழி 5: வெண்சங்கு

அருமையான கண்டுபிடிப்பு. ஒப்பந்தத்துக்கு முன் வெளிநாட்டுப் பெண்கள் கேன்டனில் கால்வைக்க அனுமதி இல்லை. மனைவியர் மக்காவில் காத்திருப்பார்கள். 1830-இல் சிலர் மீறி வந்தபோது அதுவே பெரும் பூசலாயிற்று. ஓர் அரிசி மணி அளவில் இவளை வைத்த ஓவியர் 1842-க்குப் பிந்தைய கேன்டனைத்தான் வரைந்திருக்கிறார். முடிந்தால் அந்த இடத்தை மட்டும் மிக அருகிலிருந்து படமெடுத்து இங்கே பதிவிடுங்கள். குடையின் வடிவத்தைப் பார்க்க விரும்புகிறேன்.